கமெண்ட் போட்டவர்கள் வந்து நின்ற தெரு

தூத்துக்குடியில், உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை தோல் உரிக்கிற ஓரத்தில், உப்பள வேலைக்காரர்கள் குடியிருக்கிற அளக்காரர் காலனி என்று ஒரு தெரு இருந்தது, இப்போதும் இருக்கிறது, போனால் பார்க்கலாம். அந்தத் தெருவில்தான் ஒரு சித்திரை மாதத்துக் காலையில், எங்கோ உட்கார்ந்து ஒருத்தன் போனில் தட்டிய வார்த்தை போய்ச் சேர்ந்த இடத்துக்கு, தட்டியவனும் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

தர்மபுரிக்காரன். இடுப்பில் துண்டு, வாயில் பிரஷ், கையில் போன். இசக்கி வீட்டு வாசலில் நின்றான்.

இசக்கி யாரென்றால், பிளஸ் டூவைப் பாதியில் விட்டவள். ஏன் விட்டாய் என்றால் "பிடிக்கல" என்பாள், மறுபடி கேட்டால் "அதான் சொன்னேன்லா" என்பாள். 'இசக்கி சொல்லுதேன்' என்று ஒரு சேனல் வைத்திருந்தாள். தெருக்காரர்கள் ஆன்லைனில் வாங்கி ஏமாந்த சாமான்களையெல்லாம் அவளிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவளும் கேமரா முன்னால் வைத்து உள்ளதை உள்ளபடி சொல்லுவாள்: தண்ணீரில் போட்டாலும் பாடும் என்று பெட்டியில் எழுதியிருந்த ஸ்பீக்கர் கடல் காற்றுக்கே செத்துப்போனதை, அப்டேட் போடு அப்டேட் போடு என்று உயிரை வாங்கிய போன் அப்டேட் போட்டதும் கிழவனாகிப் போனதை, அழகு கேமராவில் எடுத்தால் எதிர்வீட்டு ரெஜினா அக்கா யாரோ வடநாட்டுக்காரியாகிவிடுவதை. நாடித்துடிப்பு காட்டுகிற வாட்ச் ஒன்றை ஒரு முருங்கைக்காயில் கட்டினாள். முருங்கைக்காய்க்கு எழுபத்திரண்டு துடித்தது. "காய் நல்ல ஆரோக்கியமா இருக்கு, சாம்பார்ல போட மனசு வரல" என்றாள். அந்த வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் சும்மா போவார்களா? மூஞ்சியைச் சொன்னார்கள், நிறத்தைச் சொன்னார்கள், பேச்சைச் சொன்னார்கள். இசக்கி எதையும் கண்டுகொள்ள மாட்டாள், ஒருத்தனுக்கும் பதில் போட மாட்டாள். ஆனால் 'உண்மை விளம்பி' என்ற பெயரில், சிங்கப் படம் வைத்துக்கொண்டு ஒருத்தன் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே தவறாமல் வந்து எழுதினான்: "படிக்கத் துப்பில்லாத கழுதைக்கு எதுக்குப் போன்? பெத்தவங்க மூஞ்சில கரியப் பூசவா? கடையைச் சாத்து." மற்றவர்கள் எறிந்தது எல்லாம் எங்கெங்கோ விழுந்தது, இவன் எறிந்தது மட்டும் பட வேண்டிய இடத்தில் பட்டது. அவள் அப்பா பேச்சிமுத்துவும் ஜூன் மாதம் டுடோரியலில் சேர், சேனலை மூடு என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சந்தனமாரி விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்புகிறவள், "அவளாச்சு நீங்களாச்சு" என்று விட்டுவிட்டாள். இசக்கிக்கே வெறுத்துவிட்டது. மூடிவிடலாம் என்று முடிவெடுத்தாள். ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. அந்த உண்மை விளம்பியை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும், அவன் கண்ணைப் பார்த்து, "இப்பச் சொல்லுல" என்று கேட்க வேண்டும்.

அப்படி நினைத்துப் படுத்தாள், விடிந்தால் வாசலில் தர்மபுரிக்காரன்.

"யாருல நீ?"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். போனில் தான் கடைசியாகத் தட்டியதைப் பார்த்தான், இசக்கியைப் பார்த்தான், பயத்தில் அதையே வாய்விட்டு வாசித்துவிட்டான்: "இதெல்லாம் ஒரு மூஞ்சி, இதுக்கு ஒரு சேனல்." வாசித்து முடித்த மறுநிமிஷம் ஆளைக் காணோம். தரையில் பற்பசை நுரை மட்டும் கிடந்தது.

ரெஜினா அக்கா எட்டிப் பார்த்து, "வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தியா ஏட்டி?" என்றாள். அதிசயத்தைப் பற்றி அந்தத் தெரு கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பிறகு வரிசையாக வந்தார்கள். 'சூப்பர் சிஸ்டர்' என்று எழுதியவர்கள் சூப்பர் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு உட்காராமல்கூட மறைந்தார்கள். 'ஃபர்ஸ்ட் கமெண்ட்' என்று எழுதிய ஒரு வங்கி மேனேஜர், டையும் ஷூவுமாக வந்து, கையைத் தூக்கி "ஃபர்ஸ்ட்" என்று கத்திவிட்டுச் சந்தோஷமாகப் போனார். எழுதியதை முகத்துக்கு நேரே சொன்னால் வந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவுதான் கணக்கு. குளித்துக்கொண்டிருந்தவன் குளிக்கப் போவான், பஸ்ஸில் இருந்தவன் பஸ்ஸுக்குப் போவான். ஏன் இசக்கிக்கு மட்டும் இப்படி நடந்தது, மற்றவர்களுக்கு ஏன் நடக்கவில்லை என்றால், மழை ஏன் கோவில்பட்டியில் பெய்து தூத்துக்குடியில் பெய்யவில்லை என்பதற்கும் யாரிடமும் பதில் இல்லை.

சிக்கல் வைதவர்களால்தான் வந்தது. அளக்காரர் காலனிக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும், குடத்துக்குக் குடம் சண்டை வரும், ஆனாலும் வாசலுக்கு வந்தவன் கரண்டைத் துண்டிக்க வந்தவனே ஆனாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர், அப்புறம்தான் என்ன ஏது. வந்தவர்களும் வெயிலில் நாக்கு வறண்டு நின்றார்கள், மடக் மடக்கென்று குடித்தார்கள். குடித்த பிறகு வாய் வரவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, செம்பின் ஈரம் கையில் காயுமுன் அந்த வீட்டுப் பிள்ளையை எப்படி ஏசுவது? சொல்லாவிட்டால் போகவும் முடியாது. தெரு முனையில் இருக்கிற வளைவைத் தாண்டிக் கால் எடுத்து வைப்பார்கள், வைத்த கால் தானே திரும்பி இசக்கி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்.

இப்படித்தான் தெரு நிறைந்தது. நாமக்கல்லிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார், கோயம்புத்தூரிலிருந்து ஒரே போனில் எழுதிய அண்ணன் தம்பி, செங்கல்பட்டிலிருந்து பியூட்டி பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தபடி 'வளர்ப்பு சரியில்லை' என்று தட்டி, ஒரு புருவம் திருத்தியும் ஒரு புருவம் திருத்தாமலும் வந்து சேர்ந்த ஓர் அம்மா. போலீஸ் வந்தது, இதில் எழுத என்ன இருக்கிறது என்று யோசித்தது, தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. வீட்டுக்கு இருவராகப் பிரித்துப் பாய் போட்டார்கள். வெளியூரிலிருந்து பெண்டாட்டிமார் மாற்று வேட்டியோடு பஸ் பிடித்து வந்து, "இதுக்குத்தான் பாத்ரூம்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தீங்களா?" என்று வாசலில் வைத்தே கேட்டார்கள். செங்கல்பட்டு அம்மாவின் இன்னொரு புருவத்தை ரெஜினா அக்கா நூல் கட்டி இழுத்துத் திருத்தினாள். அந்த அம்மாவும் சும்மா இராமல் தெருப் பெண்களுக்கெல்லாம் சாம்பார்ப் பொடி பக்குவம் சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர் லாரி வந்தால் வைதவர்கள்தான் முதலில் ஓடுவார்கள்.

"நாமக்கல் சாரே, அந்தக் குடத்தத் தூக்கும். தட்டுத விரலுக்கு இது கனக்கா?"

"கனக்குதுங்க."

"கனக்கட்டும்."

கூட்டம் கூடக் கூடத் தண்ணீர் போதவில்லை. தெருவில் கூட்டம் போட்டார்கள். இனி வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட்டால் வைதுவிட்டு உடனே போய்விடுவான், இடம் காலியாகும் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். ரெஜினா அக்கா எழுந்து சேலையைச் செருகினாள். "வெயில்ல நிக்கவனுக்குத் தண்ணி குடுக்காதன்னு சொல்லுத வாயி, இந்தத் தெருவுலதான் இருக்கா? யாருவே அது, மொகத்தக் காட்டும்." யாரும் காட்டவில்லை. கூட்டம் முடிந்தது.

வழி கண்டது இசக்கிதான், அதுவும் அறிவாலில்லை, எரிச்சலால். கமெண்டை அழித்துப் பார்த்தார்கள், அழித்தாலும் கால் திரும்பி வந்தது. எழுதினது எழுதினதுதான். நாமக்கல் வாத்தியார் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் எழுதியது, "பொட்டச்சிக்கு எதுக்கு டெக்னிக்கல்?"

"எடிட் பண்ணுங்க சார்."

"என்னது?"

"எழுதினத மாத்துங்க. என் மொகத்தப் பாத்து எதச் சொல்ல முடியுமோ, அத எழுதுங்க. எழுதிட்டுச் சொல்லுங்க. எனக்கு வேல கெடக்கு."

வாத்தியார் முதலில், 'பெண்களுக்குத் தொழில்நுட்பம் தேவையா என்பது விவாதத்துக்குரியது' என்று மாற்றினார். சொல்லப் போனார், தொண்டையில் நின்றுவிட்டது. மறுபடி மாற்றினார், மறுபடி நின்றது. வேர்த்துப்போய், கடைசியில் விறுவிறுவென்று தட்டி, தலையைத் தூக்கிச் சொன்னார்: "நீ வீடியோ போட்ட அதே சார்ஜரப் பத்தி நானும் போட்டேன். நாப்பது பேருதான் பாத்தாங்க. அதுல என் சம்சாரம் மட்டும் பத்து தடவை. உன்னுத லட்சம் பேரு பாக்கறாங்க. வயிறு எரியுது."

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் இசக்கி. படி காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு தெருவே ஒரு பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது, எடிட் பண்ணுகிற பள்ளிக்கூடம், படியிலும் சுவரோரத்திலும் தண்ணீர்த் தொட்டி நிழலிலும் உட்கார்ந்து ஆளாளுக்குத் தட்டினார்கள், அழித்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மறுபடி தட்டினார்கள். 'வளர்ப்பு சரியில்லை' என்றது 'கேமராவ ஆட்டாத, எனக்குத் தலை சுத்துது' ஆனது. கோயம்புத்தூர் அண்ணன், "நீ நல்லா இருக்குன்னு சொன்ன ஹெட்செட்ட வாங்குனேன், காது புண்ணாயிருச்சு" என்று சொல்லிப் போனான். இசக்கி மறுநாளே, நான் சொன்னது தப்பு, வாங்காதீர்கள் என்று வீடியோ போட்டாள். தம்பி மட்டும் எதையும் மாற்றாமல் வந்து நின்றான்.

"எனக்கு உன் மூஞ்சி புடிக்கலீங்க. தண்ணி குடிச்சும் பாத்தேன், புடிக்கல."

"பிடிக்காட்டா பாக்காத. அதுக்கென்ன."

"சரிங்க" என்று போய்விட்டான். அவனை நினைத்து இசக்கி அன்று முழுக்கச் சிரித்தாள். சேனலின் கமெண்டுகளை வாசித்தால் இப்போது மனிதர்கள் பேசிக்கொள்வது போலவே இருந்தது.

உண்மை விளம்பி மட்டும் வரவில்லை. அதிசயம் தொடங்கிய நாளிலிருந்து அவன் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால்தானே வருவான்? அவன் ஒருத்தன் வரட்டும், அப்புறம் மூடுவதா வேண்டாமா என்று பார்ப்போம் என்று இசக்கி நாளைத் தள்ளினாள்.

ஒரு நாள் வீடியோவில், "டுடோரியல் போவியான்னு கேக்காங்க. போகல. போன் ரிப்பேர் படிக்கப் போறேன், சேனலும் இருக்கும்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சிங்கம் வந்தது: "ஊரைக் கூட்டி வச்சுக் கூத்தடிக்கிற. உன்னைப் பெத்தவன் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? கடையைச் சாத்து."

தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ரெஜினா அக்கா செம்பை விளக்கித் தண்ணீர் நிறைத்து வைத்தாள். இசக்கி வாசலில் நின்றாள், நெஞ்சு முருங்கைக்காய் மாதிரி துடித்தது. யாரும் வரவில்லை. வெயில் இறங்கியது, யாரும் வரவில்லை.

மறுநாள் காலையில் பேச்சிமுத்து, உப்பு மூட்டை ஏற்றிய தன் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வளைவு வரைக்கும் போனார். வண்டி வளைந்து திரும்பி வந்து வாசலில் நின்றது. "டயர்ல காத்து கம்மி" என்றார். மறுபடி போனார், வண்டி திரும்பி வந்தது. "கிளட்ச்சு" என்றார். மூன்றாம் தரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

தெருவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாம் இங்கேயேதான் இருக்கிறோம், நம்மை எங்கிருந்து எங்கே கொண்டுபோய் நிறுத்த முடியும் என்று மனுஷன் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார், கணக்கு சரிதான், வரத்தான் வேண்டியதில்லை, போகத்தான் முடியாது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பில்லை என்பதைப் பத்து வீட்டுக்குச் சொல்கிற தெரு, இதைச் சொல்லவில்லை.

இசக்கியும் சொல்லவில்லை. அவளுக்கு முதலில் வந்தது அழுகையில்லை, ஆத்திரம். அப்பாவின் தட்டில் சோற்றைப் போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சிமுத்து வீட்டுத் தண்ணீரை விட்டார். வீட்டுத் தண்ணீர் இறங்கியதால்தானே வாய் வரவில்லை என்று, கடையில் பன்னீர் சோடாவாக வாங்கிக் குடித்துவிட்டு வந்து மகள் முன்னால் நிற்பார், வாயைத் திறப்பார், ஏப்பம்தான் வரும். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் குடித்த தண்ணீர் சோடாவில் கரையுமா? எடிட் பண்ணலாம் என்றால், அது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. ரெஜினா அக்காவிடம் போனை நீட்டினார்.

"எக்கா, இந்த மாத்துத பட்டன் எங்கன இருக்கு?"

"தெருவுல எல்லாருக்கும் காட்டிக் குடுக்கது ஒம்ம மவதான. அவகிட்டக் கேளும்."

"வேற ஒரு ஆளுக்காகக் கேக்கேன்."

"அந்த வேற ஆளையும் அவகிட்டயே கேக்கச் சொல்லும்."

மத்தியானம், தெரு உறங்குகிற நேரம், குட்டியானைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சிமுத்து போனை மகள் மடியில் வைத்தார். திறந்தால் சிங்கம். அதன் கீழே இத்தனை நாள் எழுதியதெல்லாம் வரிசையாக.

இசக்கி எல்லாவற்றையும் படித்தாள், அவள் படிக்கிறவரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்த வேண்டாம்பா. இருக்கத அப்படியே எம்மூஞ்சிக்கு நேராச் சொல்லு. நானும் எத்தன நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"முடியலையே மக்கா."

"எழுத முடிஞ்சுதுல்லா."

"முடிஞ்சுது."

"ஏன்?"

அவர் கைத்துண்டால் கழுத்தைத் துடைத்தார், டேஷ்போர்டைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். "கண்ட நாய்லாம் ஒன்ன ஏசிச்சு. எங்கூட உப்பு ஏத்துதவன் காட்டுதான், இது ஒம்பிள்ளதானன்னு. எங்கன போய் எவனப் பிடிச்சு அடிக்க? அவனுக ஏசுததுக்கு முந்தி நாமளே நல்லா ஏசிட்டா, பிள்ள மூடிட்டுப் போயிரும், அவனுக வாயில விழாதுன்னு நெனச்சேன்."

"மூஞ்சியச் சொன்னவன், நெறத்தச் சொன்னவன், ஒருத்தன் எழுதினதும் எனக்கு மறுநா ஞாபகம் இருக்காது. நீ எழுதினது ஒவ்வொரு எழுத்தும் இருக்குப்பா. எழுதினது யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு."

பேச்சிமுத்து அழுதார். இசக்கி அவரைத் தேற்றவில்லை, அவளுக்கு அது வராது. போனைக் கையில் எடுத்து எடிட் பட்டனை அழுத்தினாள். "இப்ப எதச் சொல்ல முடியும்? சொல்லு, தட்டுதேன்."

"பயமா இருக்குன்னு போடு."

போட்டாள். அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "பயமா இருக்கு மக்கா."

"எனக்குந்தான் இருக்கு. ஆனா மூட மாட்டேன்" என்று அவள் சொல்லும்போது சீட்டில் ஆள் இல்லை. வீட்டுக் கொல்லையிலிருந்து தகரக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. "ஏட்டி, கக்கூஸ் கொண்டி மாட்டிக்கிட்டு, தொற." அங்கே உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார்.

திறந்துவிட்டாள். அவர் முகம் கழுவி, வீட்டுச் செம்பில் தண்ணீர் குடித்து, வண்டியை எடுத்தார். வளைவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நேராகப் போனது. டுடோரியல் பேச்சு அதற்கப்புறம் அந்த வீட்டில் எழவில்லை; போன் ரிப்பேர் வகுப்பு எங்கே நடக்கிறதென்று அவரே விசாரித்துக்கொண்டு வந்தார், வந்து, "அதுலயும் பாதியில நின்னேன்னா காலை ஒடிப்பேன்" என்றார்.

ஒரு நாள் பகலில் இசக்கி ஒரு புது மிக்ஸியைப் பிரித்துப் போட்டு, இதிலிருக்கிற புளூடூத் எந்தச் சட்னிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிரே பேச்சிமுத்து வந்து நின்றார், கையில் போனோடு. விடியுமுன்னே மேலூருக்கு லோடு ஏற்றிப் போன ஆள்.

"எப்பா! வண்டி எங்க?"

"மேலூர்ல, ஓட்டல் வாசல்ல நிக்கி."

"ஒரு போன் போட்டா என்ன?"

"நீ என்னைக்கு எடுத்த?" என்றார். அப்புறம், வந்த காரியத்தைக் கேட்டார்: "சாப்டியா?"

கேட்டதும் மறைந்தார். இசக்கி சேனலைத் திறந்தாள். சிங்கம் இல்லை, பேச்சிமுத்து என்ற சொந்தப் பெயரில், வண்டி முன்னால் நிற்கிற படத்தோடு, மிக்ஸி வீடியோ இன்னும் வராததால் பழைய முருங்கைக்காய் வீடியோவுக்குக் கீழே ஒரே சொல். சாப்டியா. அன்றுதான் அவள் முதல்முறையாக ஒரு கமெண்டுக்குப் பதில் போட்டாள். "இன்னும் இல்ல."

அனுப்பியதும் மேலூர். வெறுங்கால், நைட்டி, கையில் ஸ்குரூ டிரைவர். பேச்சிமுத்து கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, ஆச்சரியப்படாமல், உள்ளே குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, இன்னொரு எல போடுங்க."

எழுதியதைச் சொன்னால் அந்த நிமிஷமே வீட்டில் இருப்பாள், அது அவளுக்குத் தெரியும், தெருவுக்கே பாடம் எடுத்தவளுக்குத் தெரியாதா? அவள் வாயைத் திறக்கவில்லை. இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, அப்பளத்தை நொறுக்கினாள். நன்றாகச் சாப்பிட்டாள், மோர் வரைக்கும் சாப்பிட்டாள். இனி 'இன்னும் சாப்பிடல' என்று அப்பா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வாய் வராது.

"அப்ப வண்டியிலதான் வரணும்" என்றார் பேச்சிமுத்து.

"ஆமா" என்றாள் இசக்கி, ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். லோடை இறக்கின பிறகு வண்டி லேசாக இருந்தது, தூத்துக்குடிக்கு வெகுதூரம் இருந்தது.